மெஷின் அக்காவும் ஏழு பள்ளங்களும்

கயிற்றை மூன்று முறை சுண்டி இழுத்தும் புல்வெட்டும் மெஷின் கிளம்பாவிட்டால் அக்கா அதைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பார். "உனக்கும் லீவு வேணுமா? எழுதிக் குடு, ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்." நான்காவது இழுப்பில் அது உறுமிவிடும். நகராட்சி வளாகத்தில் காலை ஏழரைக்கு ஒழுங்காக வேலைக்கு வருகிற ஜீவன்கள் இவை இரண்டுதான் என்பது வாட்ச்மேனின் கணிப்பு. அதனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்துவிட்டார்கள்: மெஷின் அக்கா.

வயது ஐம்பத்திரண்டு. இருபத்தொரு வருடமாக மெஷினின் வார் அழுத்தியதில் இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் கீழே இறங்கியிருக்கும். முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை தோல் உறை, நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட கண்ணாடி. எதையும் சீராக வெட்டியே பழகிய கண் என்பதால் மனிதர்களின் தலையைக்கூடச் சும்மா பார்க்கத் தெரியாது. பேருந்தில் முன் இருக்கையில் இருப்பவரின் பிடரியைத் தட்டி, "சலூன்காரன் வலது பக்கம் கொஞ்சம் ஏத்திட்டான் சார், போய்க் கேளுங்க" என்பார். சிலர் நிஜமாகவே இறங்கிப் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

வீடு, மேட்டுச் சாலை சரிந்து முடிகிற இடத்தில். ஊரில் எங்கே மழை பெய்தாலும் அதற்குக் கடைசி நிறுத்தம் அக்காவின் வாசல். வாசலை ஒட்டிய அறையில்தான் அக்காவின் கணவர் தையல் வேலை செய்கிறார். போன மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்து, தைத்து அடுக்கி வைத்திருந்த நாற்பது செட் பள்ளிச் சீருடையை ஊறப்போட்டது. நீலக் காற்சட்டைச் சாயம் வெள்ளைச் சட்டையில் இறங்கிவிட்டது. மனிதர் அவற்றை உதறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கலர்ல கேட்டாங்க. இப்ப ஒரே கலரா வந்துடுச்சு" என்றார்.

வெள்ளம் மூன்று முறை வந்த பிறகு நகராட்சி விழித்துக்கொண்டது. விழித்ததும் முதல் வேலையாக ஒரு குழு அமைத்தது. தண்ணீரை விரட்டி அடிப்பதைவிட, விழுகிற இடத்திலேயே மண்ணைக் குடிக்க வைப்பது நல்லது என்று குழு கண்டுபிடித்தது. மேட்டுச் சாலையின் ஓரமாக ஏழு பள்ளங்கள், ஒவ்வொன்றும் ஒரு வேன் நிற்கிற அளவு. அடியில் ஜல்லி, அதன்மேல் மணல், அதன்மேல் மக்கிய உரம் கலந்த மண், மேலே கோரையும் நாணலும். சாலைத் தண்ணீர் உள்ளே இறங்குவதற்கு ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓரக்கல்லில் ஓர் அடி அகலத்துக்கு ஒரு வாய். செடிகள் வருவதற்கு ஐந்து மாதம் முன்பே பெயர்ப்பலகை வந்துவிட்டது. குழுவினர் ஒன்பது பேரின் பெயரும் அதில் இடம்பெற வேண்டியிருந்ததால் பலகையின் கால்களுக்காக முதல் பள்ளத்தில் ஒரு மூலையைத் தூர்த்தார்கள்.

கோரையை நடச் சொன்னபோது அக்கா சிரித்தே விட்டார். "இதப் புடுங்கிப் புடுங்கியே என் நகம் தேஞ்சு போச்சு மேடம். இப்ப இதையே நட்டுத் தண்ணி ஊத்தணுமா?"

மழைநீர்ப் பிரிவின் பொறியாளர் சின்னப் பெண். விளக்கம் சொல்லாமல் கையிலிருந்த பாட்டில் தண்ணீரில் பாதியைச் சாலையில் கொட்டினாள். அது சரிவில் ஓடியது. மீதியைச் செடியின் அடியில் கொட்டினாள். அது காணாமல் போனது. "வேர் ஆழமா போனாத்தான் மண்ணுல ஓட்டை இருக்கும் அக்கா. மேல ஒட்ட வெட்டினா கீழ வேர் செத்துடும். அப்புறம் இதுவும் சிமெண்ட் தரை மாதிரிதான்."

சிக்கல் என்னவென்றால், அக்கா இரண்டு பிரிவுகளின் பட்டியலிலும் இருந்தார். திங்கட்கிழமை மழைநீர்ப் பிரிவுக்காகச் செடிகளை வளர்க்க வேண்டும். வியாழக்கிழமை அழகுபடுத்தும் பிரிவுக்காக அதே செடிகளை வெட்ட வேண்டும். அழகுபடுத்தும் பிரிவின் மேற்பார்வையாளருக்குக் கணுக்காலுக்கு மேல் வளர்ந்த எதுவும் களை. இரண்டு பிரிவுகளும் ஒரே வராந்தாவில், எதிரெதிர் அறைகளில் இயங்குகின்றன. ஆனாலும் ஒன்று மற்றதற்குச் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதி, மேலிடத்துக்கு அனுப்பி, மேலிடம் படித்து, கீழே அனுப்பும். நாலு அடி தூரத்தைக் கடக்கக் கடிதத்துக்குப் பதினொரு நாள் ஆகும். அதற்குள் ஒரு வியாழக்கிழமை வந்துவிடும்.

அப்படி ஒரு வியாழனில் முதல் இரண்டு பள்ளங்களை மொட்டையடித்து முடித்ததும் மெஷினில் எண்ணெய் தீர்ந்தது. எண்ணெய்க்கு எழுதிய கடிதம் திரும்பி வருவதற்குள் மழை வந்துவிட்டது. மொட்டையடித்த இரண்டிலும் மூன்று நாள் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிட்டது. வெட்டாத ஐந்தும் மாலைக்குள் குடித்து முடித்தன. அக்கா ஏழு பள்ளத்தின் ஓரத்திலும் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தார். பொறியாளர் சொன்னதை அன்றைக்குத்தான் நம்பினார்.

இந்த நேரத்தில் நகராட்சித் தலைவர் பள்ளங்களைப் பார்வையிட வருவதாக அறிவிப்பு வந்தது. இயற்கைப் பள்ளங்களைப் பராமரிப்பது எப்படி என்ற பயிற்சிக்காகப் பொறியாளரை இரண்டு வாரம் வெளியூர் அனுப்பிவிட்டார்கள். பள்ளங்களைப் பராமரிக்க ஆளில்லை. மேற்பார்வையாளர் அக்காவை அழைத்தார்.

"வெள்ளிக்கிழமை தலைவர் வர்றாரு. ஏழு பள்ளத்தையும் சுத்தமா வழிச்சிடு."

"வெட்டினா தண்ணி உள்ள போகாது சார்."

"தண்ணி எங்க போகணும்னு நீ எனக்குச் சொல்லாத."

"எங்க போகும்னு எனக்குத் தெரியும் சார். என் வீட்டுக்குத்தான் போகும்."

"சொன்னதச் செய். இல்லன்னா கக்கூஸ் கழுவற செக்‌ஷனுக்கு மாத்திடுவேன்."

அன்று சாயங்காலம் கணவர் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டார். "பேசாம வெட்டிட்டு வந்துடேன். எதுக்கு வம்பு? வேலை போயிடும்."

"வெட்டினாலும் வேலை போயிடும். உங்களுது."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

புதனும் வியாழனும் அக்கா வேலை செய்தார். ஏழு பள்ளங்களைச் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும், கயிறு கட்டிப் பிடித்ததுபோல் வெட்டினார். நடுவில் இருந்த செடிகளில் ஓர் இலையைத் தொடவில்லை. மேற்பார்வையாளர் வந்து பார்த்தபோது அவர் முகம் சிவந்தது.

"நடுவுல என்ன காடு மாதிரி?"

"டிசைன் சார்."

"டிசைனா?"

"ஓரம் ஒட்ட வெட்டி, நடுவுல உயரமா விட்டாத்தான் சார் எடுப்பா இருக்கும். நம்ம தலைவர் முடி வெட்டிக்கிறாரே, அதே மாதிரி."

மேற்பார்வையாளர் வாயைத் திறந்தார். தலைவரின் தலையை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. தலைவர் குடைகள் புடைசூழ வந்து இறங்கினார். ஓரம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. "இது யாரோட ஐடியா?" என்று கேட்டபோது மேற்பார்வையாளர் அடக்கமாகத் தலை குனிந்தார். மறுநாள் பத்திரிகையில் தலைவரும் மேற்பார்வையாளரும் நாணலுக்கு முன்னால் நிற்கும் படம் வந்தது. இயற்கையை நேசிக்கும் அதிகாரி என்று கீழே போட்டிருந்தார்கள். ஏழு பள்ளங்களையும் இனி இதே வடிவில்தான் பராமரிக்க வேண்டும் என்று அடுத்த வாரமே சுற்றறிக்கையும் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை மழையில் அக்காவின் வீட்டுக்கு வந்த தண்ணீர் வாசலின் இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. சீருடைகள் வெள்ளை வெள்ளையாகவும் நீலம் நீலமாகவும் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன.

படம் எடுப்பதற்குச் சற்று முன்னால் நடந்தது மட்டும் பத்திரிகையில் வரவில்லை. தலைவர் ஆறாவது பள்ளத்தருகே நின்று பேசிக்கொண்டிருந்தார். "தண்ணீருக்கு நாம் வழிவிட வேண்டும். வழியை மறித்துக்கொண்டு நின்றது மனிதன் செய்த தவறு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஓரக்கல்லில் திறந்திருந்த வாய் கால் வைக்க வசதியாக இருந்ததால், அவருடைய வலது காலணி சரியாக அதற்குள் பொருந்தியிருந்தது. மேலேயிருந்து வந்த தண்ணீர் காலணியில் முட்டி, நுரைத்து, திரும்பி, சரிவில் இறங்கத் தொடங்கியது. அக்கா அது போகிற திசையைப் பார்த்தார்.

"சார், கால்..."

தலைவருக்குக் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் முறைத்தார். பேச்சு அடுத்த தலைமுறைக்குத் தாவியிருந்தது. இப்போதைக்கு முடிகிற மாதிரி இல்லை.

அக்கா மெஷினைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். ஈரத் தரையில் முட்டி போட்டார். ஒரு கையால் குதிகாலையும் மறு கையால் கணுக்காலையும் பிடித்து, நடைபாதையில் குறுக்கே கிடக்கிற பூந்தொட்டியை நகர்த்துவதுபோல, தலைவரின் காலைத் தூக்கி ஓர் அடி தள்ளி வைத்தார்.