சீசன் பார்த்து வந்த அருவி

சியரா மலைப் பாதையின் கடைசி வளைவில் திரும்புகிறேன். அருவி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பாறை நிற்கிறது. மேலிருந்து கீழ்வரை நீளமாக ஒரு கறுப்புத் தடம், அவ்வளவுதான். சேலைக்குக் கீழே புது ஷூ போட்டுக்கொண்டு அம்மா மூச்சு வாங்க என் பின்னால் ஏறி வருகிறாள். அவள் பையில் துண்டும் மாற்றுச் சேலையும் இருக்கின்றன.

பாறையடியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கும் பெண்மணி எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே சொல்கிறார். இந்த நாட்டிலேயே ஃப்ரீமாண்ட் நகரத்தில் இருக்கிறாராம்.

“மே மாசமே வந்திருக்கணுங்க. இங்க மழையை நம்பி அருவி இல்ல. ஸ்னோ மெல்ட் ஆகி வர்ற தண்ணிதான். ஆகஸ்ட்ல ட்ரை ஆயிடும்.”

மே மாதத்தில்தான் அம்மா கேட்டாள். தென்காசிக்காரன், எனக்கா அருவியைப் பற்றித் தெரியாது? “ஆடி பொறக்கட்டும்மா, சீசன்ல போவோம்” என்றேன். சாரல் இல்லாமல் என்ன அருவி என்று அவளும் தலையாட்டினாள். போனில் ஒரு தடவை தேடிப் பார்த்திருக்கலாம். நாளை மறுநாள் அவளுக்கு ஊருக்கு ஃபிளைட்.

“எங்க ஊர்ல இதுதாங்க சீசன்” என்று அந்தப் பெண்மணியிடம் அசடு வழிகிறேன்.

அம்மா பாறையடியில் தேங்கிக் கிடக்கும் கொஞ்சம் தண்ணீரில் கை நனைத்துத் தன் தலையில் தெளித்துக்கொள்கிறாள். பிறகு என் தலையிலும். துண்டை எடுத்து, சரியாக நனையக்கூட இல்லாத என் தலையை அழுத்தித் துவட்டுகிறாள்.

“குளிச்சாச்சு. வா, இறங்குவோம்.”