தொண்ணூற்றைந்து டிகிரி, அப்புறம் ஐஸ்

டி.என்.ஏ. இரட்டை இழை என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்குச் சோறு போடுவது அதன் ஒற்றை இழை. எழுமலைப் பக்கம் பருத்தி இலை சுருண்டால், எந்த வைரஸ் என்று பார்க்க எங்கள் லேபுக்குத்தான் வரும். அந்தச் சோதனைக்கு இழைகளைப் பிரித்தாக வேண்டும். சின்னக் குழாயில் விட்டுத் தொண்ணூற்றைந்து டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் இரண்டும் பிரிந்துவிடும். பிரிந்த கையோடு ஐஸில் செருக வேண்டும். மெதுவாக ஆறவிட்டால் போச்சு, ஒவ்வொன்றும் தன் ஜோடியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஐஸில் போட்டது தனியாகவே இருக்கும். அதுவும் நூல் மாதிரி நீண்டு கிடக்காது. துவண்டு, மடங்கி, தன் மேலேயே ஒட்டிக்கொண்டு சுருண்டு கிடக்கும்.

எங்கள் ஐஸ் மெஷின் நான் சேர்ந்த நாளிலிருந்து ஓடியதில்லை. ஐஸ் கொண்டுவந்தவர் பக்கத்து மேஜைக்காரர். கோரிப்பாளையத்தில் அவருடைய அண்ணனுக்கு மீன் கடை. தினமும் காலையில் ஸ்கூட்டரில் ஒரு தெர்மோகோல் பெட்டி நிறையப் பொடி ஐஸ் வரும், கூடவே மீன் வாடையும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி செய்வேன். எனக்கு ஊர் பரவை, அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். அவர் வீட்டில் ஐந்து வேளை தொழுகை. இரண்டு பேர் மனதிலும் இருந்தது இரண்டு பேருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். வாய் திறந்ததில்லை.

அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. பகல் விமானம். போகாதீங்க என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. காத்திருக்கேன் என்றாவது சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். அன்று வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடலாம் என்று, ஒன்பது மணிக்கே குழாய்களைச் சூட்டில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் சூடு தானே அணைந்துவிடும். டைமரைத் தட்டிவிட்டுப் பழைய பெட்டியைத் திறந்தால் நேற்றைய ஐஸ் தண்ணீராகக் கிடக்கிறது. ஐஸ் கொண்டுவருகிற ஆள்தான் ஊருக்குப் போகிற ஆள் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

போன் அடித்தது.

“கீழ வாங்க. ஐஸ் கொண்டாந்திருக்கேன்.”

வாசலில் ஆட்டோ. உள்ளே சூட்கேஸ், அவர் மடியில் பெட்டி. என் கையிலிருந்த டைமரில் இரண்டு நிமிடம் மிச்சம். சொல்ல வந்ததைச் சொல்ல அது தாராளம்.

“இன்னைக்குமா மீன் வாடை?” என்றேன்.

அவர் சிரித்தார். “இனி யாரு உங்களுக்குக் கொண்டாருவா?”

பெட்டியை வாங்கிக்கொண்டு வாயெடுத்தேன். டைமர் கத்தியது.

“ஓடுங்க, ஒட்டிக்கிரும்.”

“இருங்க, இந்தா வந்துர்றேன்.”

குழாய்களை ஐஸில் செருகிவிட்டு இறங்கி வந்தபோது ஆட்டோ இல்லை. ஏர்போர்ட்டுக்கு நான் ஓடவும் இல்லை. சாயங்காலம் மெசேஜ் வந்தது: ‘ரிசல்ட் எப்படி?’ நல்லா வந்திருக்கு என்று அனுப்பினேன். உண்மையிலேயே நன்றாகத்தான் வந்திருந்தது.

இப்போது லேபில் புது மெஷின். வாடையே இல்லாத ஐஸ். கோரிப்பாளையத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் மூக்கை நீட்டுகிறேன், வெட்கமில்லாமல்.

ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை. இழைகள் ஒட்டியிருந்தால் மறுபடி சூடாக்கியிருக்கலாம், மறுபடி பிரிந்திருக்கும். ஐந்து நிமிட வேலை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் அவர் ஓடுங்க என்றார், நான் ஓடினேன்.