ஒரு தடவைக்கு இரண்டு

அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் வீட்டில் நான் டாக்டராகிவிட்டேன். ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில், பெட்டிகளில் லேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்தத் திமிர் வேறு.

அம்மா மானாம்பதியில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். வெறும் வயிற்றோடு கழனியில் இறங்கினால், வரப்புக்கு டீ வரும்போதுதான் வாயில் எதையாவது போடுவாள். வேலைக்கு வரும் பெண்களுக்கு அப்போது ஆளுக்கொரு பிஸ்கெட் பாக்கெட். நீளவாக்கில் கிழித்து, டீயில் தோய்த்துத் தோய்த்து முழுவதையும் தின்றுவிடுவார்கள். அதுதான் நாஷ்டா. பாதியை மடித்து வைத்தவளை நான் பார்த்ததே இல்லை.

உத்திரமேரூரில் சர்க்கரை சேர்க்காத ஓட்ஸ் பிஸ்கெட் கிடைத்தது. பின்பக்க அட்டவணையைப் படித்தேன். கலோரி, மாவுச்சத்து எல்லாம் சொற்பமாகவே போட்டிருந்தது. "இத்தினிதான் கீது, பயப்படாம துன்னு" என்று வாங்கிக் குவித்தேன். அவளும் என்னை நம்பித் தின்றாள்.

அடுத்த சோதனையில் சர்க்கரை எகிறியிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று அம்மாவைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "எல்லாம் படிச்சுப் பாத்துதான் வாங்கித் தரேன் சிஸ்டர்" என்று பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பி, அட்டவணைக்கு மேலே இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். "ஒரு தடவைக்கு ரெண்டு பிஸ்கெட்னு போட்டிருக்கு பாருங்க. கீழ இருக்கிற நம்பரெல்லாம் அந்த ரெண்டுக்குத்தான். நீங்க எத்தனைம்மா சாப்பிடுவீங்க?"

"பாக்கெட்டு பூரா. ரெண்டு எந்த மூலைக்கும்மா?" என்றாள் அம்மா.

பாக்கெட்டில் பன்னிரண்டு இருக்கும். நான் கொஞ்சம் என்று நினைத்ததைப்போல ஆறு மடங்கு தினமும் அவள் உடம்பில் ஏறியிருக்கிறது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உடனே அம்மாமேல் பாய்ந்தேன்.

"மாடாட்டம் பாக்கெட்டு பூரா துன்னா சக்கரை ஏறாம இன்னா பண்ணும்?"

இப்போது சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சேற்றில் குனிந்து குனிந்து என்னைப் படிக்கவைத்தவளின் பசியை, படித்த நான் ஊர் சிரிக்க வைத்துவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பஸ்ஸில் வரும்போது, "தப்பு என்னுதுதாம்மா" என்றேன். "வுடு, போவட்டும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்திருந்தாள். இருவரும் உட்கார்ந்தோம். முதல் சோறு தீர்ந்ததும் கரண்டியைப் பானைக்குள் விட்டவள், அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கினா திட்டுவியா?"

அவள் கூலியில் வாங்கிய அரிசி, அவள் பொங்கிய சோறு. அதற்கு என் முகத்தைப் பார்க்கிறாள். "போட்டுக்கோம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் நான் உத்தரவு கொடுப்பதுபோலத்தானே இருக்கும் என்று தோன்றியது. நான் பேசுவதற்குள் அவள் பானையை மூடிவிட்டாள்.