பன்னீர்ப் புட்டியின் அடியில் பட்டைத் தைலம்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி கமலம், பன்னீரில் ஏதோ தைலத்தைக் கலந்து, ரப்பர் குமிழை அமுக்கினால் தெளிக்கும் புட்டிகளில் அடைத்து விற்கிறாள். கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது என் தங்கை சரசு அதைக் கழுத்தில் அடித்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில், "அக்கா, எரியுது" என்று துடித்தாள். தண்ணீர் ஊற்றியும் அடங்காமல் கழுத்து கொப்பளித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர், நான் கொண்டுபோன புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, தேங்காயெண்ணெயில் பஞ்சை நனைத்துத் துடைத்தெடுத்தார்.

"இது பட்டைத் தைலம்மா. பன்னீரோட சேராம அடியில தங்கிடும். புட்டிக்குள்ள இருக்கிற குழாய் அடியிலேருந்துதானே இழுக்குது? கண்ணுல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார்.

நேராகக் கமலத்தின் வாசலில் போய் நின்றேன்.

"உன் தங்கச்சி தோலு அப்படி. ஊரே போடுது, யாருக்கும் ஒண்ணும் ஆகலே" என்றாள்.

புட்டியை நீட்டினேன். "அப்ப நீ அடிச்சிக்கோ. நான் பாக்குறேன்."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் இதெல்லாம் போடுறதில்லே."

எல்லாம் தெரிந்தேதான் விற்றிருக்கிறாள்.

இப்போது எந்த வாசனைத் தைலமானாலும் ஒரு சொட்டை நிறையத் தேங்காயெண்ணெயில் கலந்து, முழங்கை மடிப்பில் தடவி, மறுநாள்வரை பார்த்த பிறகே பூசுகிறோம். பன்னீரில் கலந்து தெளிப்பதே இல்லை. கமலத்திடம் புட்டி வாங்க வரும் பெண்களைக் கூப்பிட்டு, சரசுவின் கழுத்தைக் காட்டி அனுப்புகிறேன். கமலம் என்னைத் திட்டுவது தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது. திட்டட்டும்.