சிவப்புப் புள்ளி இல்லாத கார்புரேட்டர்

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அச்சகத்துக்காரர் அண்ணனின் படத்துக்குக் கீழே "அன்பே உருவானவர், அனைவரையும் நம்பியவர்" என்று தாமாகவே ஒரு வரி சேர்த்து அனுப்பியிருந்தார். முதல் பாதியை விட்டுவைத்தேன். இரண்டாம் பாதியைப் பேனாவால் அடித்துத் திருப்பி அனுப்பினேன். அண்ணன் யாரையும் நம்பியவர் அல்ல. வேறு மாதிரி எழுதினால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.

அண்ணன் ஒக்கலிபுரத்தில், ரயில் போகும்போதெல்லாம் பாத்திரங்கள் அதிரும் ஓர் ஒற்றை அறை வீட்டில் பிறந்தார். அப்பா ஸ்டேஷனில் பார்சல் தூக்கினார். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு முன்பே குடங்கள் வரிசை கட்டி நிற்கும். ஒரு நாள் எங்கள் நல்ல குடம் போய், அதே நிறத்தில் ஓர் ஓட்டைக் குடம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அண்ணனுக்கு அப்போது பத்து வயது. எங்கிருந்தோ சிவப்பு பெயிண்ட் கொண்டுவந்து எங்கள் குடங்களின் அடியில் ஒவ்வொரு புள்ளி வைத்தார். அன்றோடு அவர் நிறுத்தவில்லை. செருப்பு, குடை, டிபன் பாக்ஸ், சைக்கிள் பம்பு என்று எங்களுடையது எதுவானாலும் அதில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். என் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களுக்கு மண்டபத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து புள்ளி வைத்தார். என் மாமியார் கடைசி வரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அப்பா போனபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. ஐ.டி.ஐ. முடித்து ஒரு தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் டூல் ரூமில் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். என்னைப் படிக்க வைத்தார். அதே தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் பின்னாளில் நானும் சேர்ந்தேன். ஸ்டோர்ஸ் வேலை என்பது சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கும் வேலை. ஆகவே அண்ணனை மட்டும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

தொம்மலூரில் சொந்த வீடு கட்டிய பிறகுதான் அந்தக் கார் வந்தது. பந்தயத்தில் ஓட்டுவதற்கென்றே இஞ்சினைத் திருத்திய, இரண்டே கதவுள்ள, கரும்பச்சை நிறப் பழைய கார். காப்பித் தோட்டக்காரர் ஒருவர் ஓட்டியது. அதற்கு வேண்டிய சின்னச் சின்ன உதிரிகளை அண்ணன் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். தோட்டக்காரருக்கு வயதாகிக் கண் மங்கியதும் அண்ணனே அதை வாங்கிக்கொண்டார். அண்ணி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அஞ்சு பேர் இருக்கற வீட்டுக்கு ரெண்டு கதவு காரு எதுக்குங்க?" என்று கேட்டார். அண்ணன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அந்தக் காரை வைத்துக்கொண்டு அண்ணன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சில்க் போர்டு நெரிசலில் நின்றால் கொதித்துவிடும். பின் சீட்டில் எப்போதும் இரண்டு கேன் தண்ணீர் இருக்கும். மழை பெய்தால் ஸ்டார்ட் ஆகாது. இப்போது வரும் பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடுகிறது என்று பங்க்காரர் மேல் சந்தேகப்பட்டு, ஒவ்வொரு முறையும் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். உதிரிகளுக்காகச் சிவாஜிநகரில் பழைய இரும்பு விற்கும் குஜிரிக் கடைகளைச் சல்லடை போட்டுச் சலிப்பார். "ஒரிஜினல்" என்று எழுதிய அட்டைப்பெட்டியைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பார்த்துவிட்டு, "பெட்டி மட்டும்தான் ஒரிஜினல் பாப்பா" என்பார். எனக்கு அறுபத்து மூன்று வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான்.

அந்தக் காரின் உயிர் அதன் இரட்டைக் கார்புரேட்டர்களில் இருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் அந்த ஜோடி வெளிநாட்டில் செய்தது, இனிமேல் எங்கும் கிடைக்காது. அவற்றில் என் நெயில் பாலிஷை எடுத்து ஒவ்வொரு புள்ளி வைத்தார். அந்த இரண்டு புள்ளிகளும் எங்கே இருக்கின்றன என்பது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

காரை அவர் கொண்டுபோனது ஒரே ஓர் இடத்துக்குத்தான். ஈஜிபுராவில் லூர்து என்பவர் நடத்தும், கார் பழுதுபார்க்கும் ஒரு சின்ன ஷெட். இருபது வருடப் பழக்கம். பழக்கம் என்றால் நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காரை விடுவதற்கு முன்பு ஸ்டெப்னி, ஜாக்கி, கால்மிதி வரை கழற்றி வீட்டில் வைத்துவிடுவார். கழற்றிய பழைய சாமான் எதுவானாலும் கையில் கொடுத்தாக வேண்டும். தேய்ந்த கிளட்ச் பிளேட்டும் வெடித்த ரப்பரும் எங்கள் மாடிப்படிக்கு அடியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. காரை விடுவதற்கு முந்தின நாள், வீட்டில் கார் நிற்கும் இடத்தின் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ஏதோ செய்துகொண்டிருப்பார். துடைக்கிறார் என்று நினைத்தோம்.

போன ஆண்டு காரின் கிளட்ச் தேய்ந்து, லூர்துவின் ஷெட்டில் விட்டார். மூன்றாம் நாள் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்து, பேச்சும் நின்றது. லூர்து வேலையை முடித்து, காரை வீட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் அண்ணன் இடது கையால் காற்றில் பெரிய வட்டம் ஒன்று போடுவார், பிறகு மேலே காட்டுவார். திரும்பத் திரும்ப அதையே செய்தார். வட்டம் ஸ்டியரிங் என்றும், மேலே என்றால் தாம் போகப்போவதைச் சொல்கிறார் என்றும் எடுத்துக்கொண்டு நாங்கள் அழுதோம். அண்ணன் மகன் பிரபு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "காரை விக்கவே மாட்டேன்பா, சத்தியமா" என்றான். அண்ணன் கையை உருவிக்கொண்டு கட்டிலை ஓங்கித் தட்டினார். எத்தனை கோபம் அந்த முகத்தில்! நான்காம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். பார்க்காதவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் வாயாலும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. உறவினர்கள் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று பிரபு காரை ஸ்டார்ட் செய்தான். அது இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. அண்ணன் இருந்தவரை அது அப்படி நின்றதில்லை. பானெட்டைத் தூக்கி, கையைவிட்டு, தெரிந்த இடத்தைப் பார்த்தேன். கார்புரேட்டர்கள் பார்வைக்கு அதே மாதிரிதான் இருந்தன. சிவப்புப் புள்ளிதான் இல்லை.

நேராகப் பந்திக்குப் போனேன். லூர்து மூன்றாவது இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"லூர்து, அண்ணன் காரு கார்புரேட்டர் எங்கே?"

"வண்டியிலதான் இருக்குதுக்கா."

"அது எங்களுது இல்ல. அவரு ஆஸ்பத்திரில வாய் பேச முடியாம கெடந்த நேரம் பாத்து மாத்திட்டியா?"

அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "சரிங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, இலையை மூடி எழுந்தார். பாயசம் வைத்தது வைத்தபடி இருந்தது. "சாப்பாட்டுல உக்காந்த மனுஷனை எழுப்பலாமா?" என்று அண்ணி என் கையைப் பிடித்தார். "திருடனுக்கு இலை எதுக்கு அண்ணி?" என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அன்று நான் சொன்னது இதுதான்.

அதன் பிறகு பிரபு வேறு இரண்டு ஷெட்டுகளில் காரைக் காட்டினான். ஒருவர் இஞ்சினையே மாற்ற வேண்டும் என்றார். இன்னொருவரிடமிருந்து வரும்போது ஜாக்கி காணாமல் போயிருந்தது. முன்கூட்டியே கழற்றி வைக்க அண்ணன் இல்லையே. கார் உறை மூடி நின்றுவிட்டது. நான் போகிற வருகிறவர்களிடமெல்லாம் லூர்துவின் பேரைச் சொல்லிச் சொல்லித் தீர்த்தேன்.

இந்த ஆண்டு நினைவு நாளுக்குச் சமையல் வீட்டிலேயே ஆக வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். பதினாறாம் நாள் வந்த சமையல்காரர் பழைய எண்ணெயில் வடை சுட்டார் என்பது அவருடைய சந்தேகம். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவருக்கும் அது ஒட்டிக்கொள்ளாமல் எப்படி இருக்கும்? சென்ற வாரம், அம்மா பேர் வெட்டிய பெரிய பித்தளை அண்டாவைப் பரணிலிருந்து இறக்க பிரபு ஸ்டூல் போட்டு ஏறினான்.

"அத்தை, உள்ள ஏதோ கனமா இருக்குது."

இறக்கிப் பார்த்தால், பழைய வெள்ளை வேட்டியில் இறுக்கிக் கட்டிய ஒரு மூட்டை. மேலே சிவப்புப் புள்ளிகள். அண்ணி இரண்டடி பின்னால் போய், "ஐயோ, யாரோ செய்வினை வச்சிருக்காங்க, தொடாதே பிரபு!" என்று எலுமிச்சம்பழம் தேட ஓடினார். எனக்கு அந்தப் புள்ளியைத் தெரியும். அவிழ்த்தேன். எண்ணெய் தடவி, துணி சுற்றி, இரண்டு கார்புரேட்டர்களும் தூங்கிக்கொண்டிருந்தன.

அப்போதும் என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். லூர்து பயந்துபோய் யார் மூலமாகவோ திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அவற்றில் கம்பியால் கட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன். டூல் ரூம் பழக்கத்தில் அண்ணன் எழுதும் அதே கட்டம் கட்டமான எழுத்து. "கிளட்ச் வேலைக்கு முன் கழற்றியது. லூர்துவிடமிருந்து வந்ததும் மாட்ட வேண்டும்." ஆஸ்பத்திரியில் அவர் போட்ட வட்டம் அண்டா. மேலே காட்டியது பரண். நாங்கள் அழுதுகொண்டே காரை விற்க மாட்டோம் என்று சத்தியம் செய்திருக்கிறோம்.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்து ஈஜிபுராவுக்குத் தனியாகப் போனேன். லூர்து ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். "வாங்கக்கா, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அண்ணன் உட்காரும் ஸ்டூல். பையைத் திறந்து காட்டினேன்.

"கெடச்சிடுச்சா?" என்றார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இருபது வருஷமா தெரியும்க்கா. கிளட்ச்சு, பிரேக்குன்னு வந்தா லோக்கல் ஜோடி மாட்டி அனுப்புவாரு. ட்யூனிங்குக்கு வந்தா மட்டும் ஒரிஜினல் இருக்கும். அன்னிக்கு பூரா இந்த ஸ்டூலை விட்டு எந்திரிக்க மாட்டாரு. டீ கூட இங்கயேதான்."

"அப்ப அன்னிக்கே ஏன்பா சொல்லல?"

அவர் கையில் இருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்க வச்சிருக்காருன்னு எனக்குத் தெரியாது. அவருதான் ஒளிச்சு வச்சாருன்னு சொன்னா, நீ பாத்தியான்னு கேப்பீங்க. இல்லன்னு சொன்னா பொய்யின்னுவீங்க. அது கூட பரவால்லக்கா. செத்துப்போன மனுஷன் என்னைத் திருடன்னு நெனச்சுதான் கழட்டி வச்சாருன்னு, அத்தனை ஜனம் எதிர்ல என் வாயால நானே எப்படிச் சொல்றது?"

நான் அழுதுவிட்டேன். அண்ணன் போனதற்குக்கூட அப்படி அழவில்லை. "அழாதீங்கக்கா. சார் யாரையும் நம்பல, சரி. ஆனா வேற ஷெட்டுக்கும் போகல. அது போதும்னு இருந்துட்டேன்" என்றார். அன்று மாலையே தொம்மலூர் வந்து அந்த ஜோடியை மாட்டினார். முதல் சாவியிலேயே இஞ்சின் உறுமியது. அண்ணி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து ஒரு வாய் காப்பி குடிக்கச் சொன்னேன். "இருக்கட்டும்க்கா, கை அழுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அழுக்குக் கையோடு எத்தனை முறை எங்கள் வீட்டில் காப்பி குடித்தவர்.

அண்ணனின் கடைசி நாட்களில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், ரத்தம் கொடுத்த டூல் ரூம் தோழர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு போட்ட தொம்மலூர் அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பதினாறாம் நாள் பந்தியில் நான் பேசியதைக் கேட்ட நீங்கள் அத்தனை பேரும் இதையும் கேட்டாக வேண்டும்: லூர்து எதையும் எடுக்கவில்லை. அண்ணன் தன்னைச் சந்தேகப்பட்டதை வெளியே சொல்ல மனமில்லாமல் அவர் ஓராண்டு திருடன் பெயரைச் சுமந்தார். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாரா என்று தெரியாது. நான் கேட்கிறேன், அவருக்கும் சேர்த்து.

இம்மலர் உங்கள் கையில் இருக்கும் இந்நேரம், உள்ளே அந்த அண்டாவில் சாதம் வெந்துகொண்டிருக்கும். முதல் பந்தியில் முதல் இலை லூர்துவுடையது. அந்த இலைக்கு வைக்கும் டம்ளரின் அடியில் நேற்றே ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வருவாரா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. தயவுசெய்து வேறு யாரும் அந்த இலையில் உட்கார வேண்டாம். அவர் வந்து, பாயசம் வரை சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
தங்கை