கழற்றிவைத்த காப்பு

நான் நோயாளியாகப் படுக்கத் தொடங்கியது, மகள் முதல்தரம் சோதனையில் தவறின பிறகுதான்.

மகள் இங்கே நேர்சிங் பட்டம் எடுத்து, திருகோணமலையிலேயே இரண்டு வருசத்துக்கு மேல் மிஸ்ஸியாக வேலை பார்த்தவள். பிறகு இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிட்டது. ஆனால் வேறு நாட்டில் படித்துவிட்டு வந்த பிள்ளையை அங்கே உடனே தாதியாக ஏற்கமாட்டார்கள். ஆங்கிலச் சோதனை, கொம்பியூட்டரில் ஒரு சோதனை, இரண்டையும் இங்கேயிருந்தே பாஸ் பண்ணினாள். மூன்றாவதை அங்கே போய்த்தான் செய்யவேண்டும். ஆட்கள் பக்கத்தில் நின்று பார்க்க, நோயாளி ஒருவரைக் கவனித்துக் காட்டவேண்டும். அதில் தேறினால்தான் லைசென்ஸ். அதுவரைக்கும் அவள் உதவியாள் மாத்திரம். ஒரு மருந்துக் குளிசை கூடக் கொடுக்க விடமாட்டார்கள். திரும்பவும் திரும்பவும் தவறினால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் விசாவும் இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இவ்வளவையும் மகள் எத்தனையோ தரம் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. விளங்கின நாள் தொடக்கம் எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டேயிருந்தது. சமைக்கும்போதும் அது இருக்கும். கும்பிடும்போதும் இருக்கும்.

முதல்தரம் அவள் தவறினது ஒரே ஒரு கேள்வியால். மருந்து கொடுக்க முன்னம், எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா என்று நோயாளியிடம் கேட்கவேண்டும். பதற்றத்தில் அதைக் கேட்க மறந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான், "அம்மா, நீங்க கட்டில்ல படுங்கோ, நான் உங்களில பழகப்போறன்" என்றாள்.

நாங்கள் பழகுகிற நேரம் அவளுக்கு விடியற்காலை. எங்களுக்கு மத்தியானம். என்ட மனுசன் ஆட்டோ ஓட்டுகிறவர், பஸ் நிலையத்தடியில் நிற்பார். மத்தியானம் சாப்பிட வந்தால், போனைக் கதிரையில் சாய்த்து வைத்து, மகளுடைய முகம் எனக்குத் தெரியும்படி திருப்பிவிடுவது அவருடைய வேலை. நான் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

மகள் முதலில் ஆங்கிலத்தில் தன்னை ஆரென்று சொல்வாள். பிறகு, "உங்களை எப்பிடிக் கூப்பிட விருப்பம்?" என்று கேட்பாள். அதை மாத்திரம் எனக்காகத் தமிழிலும் சொல்வாள்.

"அம்மா எண்டு கூப்பிடு."

"ஐயோ அம்மா, பேரைச் சொல்லுங்கோ."

"பெத்த தாயின்ட பேர் உனக்குத் தெரியாதோ?"

"இஞ்ச நாங்க எல்லா நோயாளியையும் அம்மா, ஐயா எண்டுதானே கூப்பிட்டனாங்கள். அங்க அப்பிடிக் கூப்பிட்டா மரியாதை இல்லையாம். பேர் கேக்கவேணும். சொல்லுங்கோ."

பேரைச் சொல்வேன். சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கும். கலியாண எழுத்தின்போது சொன்னதுக்குப் பிறகு நான் அதை வாய்விட்டுச் சொன்னது குறைவு.

"உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது ஏதும் இருக்கோ?"

"இறால்," என்பேன். அது உண்மையும்கூட.

கதிரைக்குப் பின்னால் நின்று இவர், "என்னையும் சேர்த்துச் சொல்லு. இருபத்தாறு வருசமா ஒத்துக்கொள்ளேல்ல," என்பார்.

"அப்பா, நீங்க வார்டுக்கு வெளியில நில்லுங்கோ. இது பார்வையாளர் நேரமில்ல."

இப்படிச் சிரிப்பும் கதையுமாகத்தான் போனது. ஒரு நாள் கை கழுவுவதைக் காட்டுகிறேன் என்று மகள் போனைத் தன்னுடைய அறையில் இருந்த கை கழுவுகிற தொட்டிக்கு மேலே வைத்தாள். அதுவரைக்கும் நான் அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் கை தெரிந்தது. முழங்கை வரைக்கும் வெறுங்கை. விரல், விரலிடுக்கு, உள்ளங்கை, மணிக்கட்டு என்று ஒழுங்காகத் தேய்த்தாள். இடக்கை மணிக்கட்டில் காப்பு இல்லை.

தலையைத் தூக்கித் திரும்பவும் பார்த்தேன்.

நாங்கள் கேதாரகௌரி விரதம் பிடிக்கிற ஆட்கள். புரட்டாதியில் தொடங்கி இருபத்தொரு நாள். ஐப்பசி அமாவாசையன்று எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஐயர் நூல்காப்புக் கட்டிவிடுவார். பெண்களுக்கு இடக்கை. கட்டினால் அடுத்த வருசம் புதுக் காப்புக் கட்டுகிற நாள் வரைக்கும் அதைக் கழற்றக்கூடாது. கறுத்துப் போனாலும், நைந்து போனாலும் கையிலேயே கிடக்கவேண்டும். மகள் அந்தக் காப்போடுதான் பிளேன் ஏறினவள். கட்டுநாயக்கா எயார்போட்டில் கையை அசைக்கும்போது அந்த மஞ்சள் நூல்தான் எனக்குக் கடைசியாகத் தெரிந்தது.

ஒரு வருசம் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது என்னுடைய காப்பு அறுந்தது. அந்த மாதத்துக்குள் இவருடைய ஆட்டோ உள்துறைமுக வீதியில் ஒரு மானை விலத்தப்போய்ப் புரண்டு, அவருக்குக் கால் முறிந்தது. எங்கள் பட்டினத்தில் மான்கள் ஆட்டைப்போலத் தெருவில் திரியும், எப்போது குறுக்கே பாயும் என்று சொல்ல ஏலாது. இவர் மானைத்தான் குற்றம் சொல்வார். எனக்கல்லவா தெரியும், காப்பு அறுந்தது.

இப்போது மகளுடைய கை வெறுமையாக இருந்தது. சோதனைக்கு இன்னும் ஒரு கிழமைதான். கேட்கலாமென்று வாய்வரை வந்தது. கேட்டால் பிள்ளை கலங்குமே, கலங்கின கையோடு போய்ச் சோதனை செய்யுமே என்று பேசாமல் கிடந்தேன்.

"அம்மா, ஏன் பேசாமக் கிடக்கிறீங்க?"

"நோயாளி பேசுறதோ?" என்றேன்.

பின்னேரம் கோயிலுக்குப் போனேன். ஐயர் தீபம் காட்டி முடிக்கும்வரை நின்று, "ஐயா, தெரிஞ்ச பிள்ளை ஒண்டின்ட காப்பு இடையில போயிட்டுது. என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"அறுந்ததோ, கழட்டினதோ?"

"தெரியாது ஐயா."

"தானா அறுந்தா அம்மனிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு ஓடுற தண்ணியில விடலாம். கழட்டினதெண்டா ஏன் கழட்டினது எண்டு அந்தப் பிள்ளையிட்டத்தான் கேக்கவேணும்," என்று சொல்லிவிட்டு, திருநீற்றைத் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பயம் இன்னும் கூடிப்போனது. அறுந்ததா, கழற்றினதா? குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன், இந்தக் கேள்வி வந்து நிற்கும். சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். இவர் சாப்பிட்டுப்போட்டு, "மகளுக்குச் சோதனை, எனக்குத் தண்டனை," என்றார். அவரிடமும் சொல்லவில்லை. அவர் சிரித்துவிடுவார், அந்தச் சிரிப்பும் ஒரு குற்றமாகிப்போகும் என்று பயம்.

சோதனைக்கு முதல்நாள் மகளே எடுத்தாள். அன்றைக்கு இவர் வீட்டில் இல்லை. அவள் என்னைப் படுக்கச் சொல்லவில்லை. முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, உங்களுக்கு ஒரு விசயம் சொல்லேல்ல. கோபிக்கக் கூடாது."

"சொல்லு மகள்."

"காப்பைக் கழட்டிட்டன். முதல்தரம் சோதனைக்குப் போகேக்க கழட்டினனான். முழங்கைக்குக் கீழ ஒண்டும் இருக்க விடாயினம். மணிக்கூடும் ஏலாது. கழட்டிப்போட்டுப் போய்த்தான் அம்மா தவறினது. எத்தினை நாள் பழகின கேள்வி, அது எப்பிடி மறந்துபோகும்?"

எனக்கும் அதே எண்ணம்தான்.

"நாளைக்குக் கட்டிக்கொண்டு போகப்போறன். சாமிப் படத்துக்குப் பின்னால வச்சிருக்கிறன். அதைக் கட்டி, மேல பிளாஸ்டர் ஒட்டினா, காயம் எண்டு நினைப்பினம்."

கட்டு என்கிற சொல் என்னுடைய நாக்கு நுனியில் நின்றது. அம்மன் சாட்சியாக எழுதுகிறேன், அதைத்தான் சொல்ல விரும்பினேன். ஒரு கிழமையாக நான் கும்பிட்டதே அதற்குத்தான், எப்படியாவது அந்த நூல் அந்தக் கைக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று.

"ஏன் மகள் அதைக் கட்ட விடாயினம்?" என்று கேட்டேன். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிந்த வைக்கத்தான் கேட்டேன்.

"நூல் ஈரமாகும் அம்மா. ஈரத்தில கிருமி இருக்கும். எவ்வளவு கழுவினாலும் அதுக்குக் கீழ போகாது. ஒரு ஆளின்ட புண்ணைத் தொட்டிட்டு மற்ற ஆளைத் தொட்டா, அதுவும் கூடப் போகும்."

"அப்ப நாளைக்கு அங்க படுத்திருக்கிற ஆளுக்கு?"

"அது நடிக்கிற ஆள் அம்மா. உங்களை மாதிரி. ஒண்டும் நடக்காது."

"பிறகு, லைசென்ஸ் கிடைச்சாப் பிறகு?"

மகள் சாமிப் படத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நான் இத்தனை நாளும் அந்தக் கட்டிலில் படுத்திருந்தவள். விளையாட்டுக்கென்றாலும், படுத்துக்கிடந்து மேலே பார்க்கும்போது மனிசருக்கு என்ன தெரியும்? வருகிற கை மாத்திரம்தான் தெரியும். அந்தக் கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று தெரியாது. கர்ப்பப்பை ஒப்பரேசனுக்குப் பிறகு இங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தையல் பார்க்க வந்த மிஸ்ஸியின் கை குளிர்ந்து இருந்தது. அப்போதுதான் கழுவிவிட்டு வந்திருக்கிறாள் என்று எனக்கு ஒரு நிம்மதி. அது நினைவுக்கு வந்தது.

"கட்டாத," என்றேன்.

"அம்மா?"

"கட்டாத மகள். படத்தடியிலேயே இருக்கட்டும். கையை நல்லாக் கழுவிப்போட்டுப் போ."

"சாமிக் குற்றம் வந்தா?"

"எனக்கு வரட்டும். நான்தானே சொன்னனான்."

போனை வைத்தேன். என்ன சொன்னேன் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. எனக்கு வரட்டும் என்றால் எனக்கு எப்படி வரும்? அந்த விரதமே புருசனுக்காகப் பிடிக்கிறது. எனக்கு வருகிறதென்றால் இவருக்கல்லவா வரும்?

அடுத்த நாள், சோதனை நாள். இவரைப் போகவேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடினேன். "சோதனை அவளுக்கு, எனக்கேன் லீவு?" என்று சொல்லிவிட்டு, கிண்ணியாவுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஒரு ஹயர் இருக்கிறதென்று போய்விட்டார். பாலத்தால் போகவேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர். நான் சாமியறையில் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு அதன் முன்னால் இருந்தேன். மகளுக்காகக் கும்பிடுகிறதா, இவருக்காகக் கும்பிடுகிறதா என்று தெரியவில்லை. ஒன்றைத் தொடங்கினால் மற்றது வந்து குறுக்கே விழுந்தது.

மத்தியானம் கடந்தது. இவர் வரவில்லை. போன் எடுத்தால் மணி அடிக்கிறது, ஆள் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். வாசலில் போய் நின்றேன். ஆட்டோச் சத்தம் கேட்கிற ஒவ்வொரு தரமும் வேறு ஆட்டோ. தேவாரம் ஒன்றைப் பாதியில் மறந்துபோனேன், சின்ன வயதிலிருந்து பாடுகிற தேவாரம். வாசற்படியிலேயே இருந்துவிட்டேன்.

வெயில் சாய்ந்த பிறகுதான் வந்தார். கையெல்லாம் கிறீஸ்.

"டயர் காத்துப் போயிட்டுது. ஸ்டெப்னியிலயும் காத்தில்ல. போன் சீட்டுக்குக் கீழ கிடந்திருக்கு. ஏன், என்ன முகம் இது? பிள்ளை எடுத்தவளோ?"

நான் அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். காப்பு, பிளாஸ்டர், ஐயர் கேட்டது, குற்றம் எனக்கு வரட்டும் என்று நான் சொன்னது.

"அப்ப என்னைக் கேளாமலே என்னைக் கோயில் கிடாய் மாதிரி நேர்ந்துவிட்டிருக்கிறாய்," என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "சரியாத்தான் சொன்னனீ," என்று சொல்லிப்போட்டுச் சாப்பிட இருந்தார். ஆனால் அடுத்த நாள் தொடக்கம் பாலத்துப் பக்கம் ஹயர் எடுக்கவில்லை. ஏனென்று நானும் கேட்கவில்லை.

சோதனை எப்படி என்று கேட்டதற்கு மகள், "தெரியாதம்மா. எல்லாம் கேட்டனான் எண்டுதான் நினைக்கிறன்," என்றாள். முடிவு வரும்வரைக்கும் எங்கள் வீட்டில் ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. போன் அடித்தால் நான் எடுக்கமாட்டேன். இவர்தான் எடுப்பார். எடுத்து ஹலோ சொல்லும்வரைக்கும் நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கும் அப்படித்தான். கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் போனைக் காதில் வைத்தார், உடனே என்னிடம் நீட்டினார். ஈரக் கையோடு வாங்கினேன். மகள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு உலகமே இருண்டு போனது.

"பாஸ் அம்மா. பாஸ்."

"அதுக்கேன் பிள்ளை அழுகிறாய், என்ட உயிர் போயிட்டுதே!" என்று ஏசினேன். ஏசிக்கொண்டே நானும் அழுதேன். இவர் மீன் சட்டியைத் தூக்கிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தார். பூனை பார்த்துக்கொண்டு நின்றதாம். அவர் கண்ணைத் துடைக்கத்தான் போனார் என்று எனக்குத் தெரியும்.

லைசென்ஸ் வந்தவுடன் வேறு நிற உடுப்புக் கொடுப்பார்களாம். முதல் நாள் ஒரு வயோதிபருக்குத் தானே மருந்து கொடுத்ததாகச் சொன்னாள். பேர் கேட்டாளாம், ஒத்துக்கொள்ளாதது ஏதும் இருக்கிறதா என்று கேட்டாளாம், கொடுத்தாளாம். அவர் நன்றி சொன்னாராம். அவள் சந்தோசமாகத்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் பயம் வந்தது. இனி நடிக்கிற ஆட்கள் இல்லை. படுத்திருக்கிறது உண்மையான மனிசர். பிழை விட்டால் திரும்பச் செய்துகாட்ட ஏலாது.

என்னுடைய பயம் போகவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். காலையில் விளக்கேற்றும்போது மகளைச் சொல்லி, இவரைச் சொல்லி, அதற்குப் பிறகு அவளுடைய வார்டில் கிடக்கிற ஆட்களையும் அம்மனிடம் சொல்கிறேன். அவர்களுடைய பேர் எனக்குத் தெரியாது. என்ன சமயமோ அதுவும் தெரியாது. மகள் கேட்டு வைத்திருப்பாள், அம்மன் அவளிடம் கேட்டுக்கொள்ளட்டும்.