யாரும் சொல்லாத ‘இல்லை’

ஒரே வேலையை இரண்டு தடவை செய்யச் சொன்னால் அபர்ணாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். குத்துக்கல்வலசையிலிருந்து காலை ஒன்பதரைக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் எதையாவது திட்ட ஆரம்பித்திருப்பாள். குற்றாலத்துக்குப் போகிற வழியில், மேலகரத்தில் ஒரு உரக்கடைக்கு மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் நானும் அவளும், இரண்டு மேஜை, மழை வந்தால் ஒழுகுகிற மூலையில் ஒரு வாளி. லாட்ஜ், பள்ளிக்கூடம், கிளினிக் என்று சுற்றுவட்டாரத்தில் யார் கேட்டாலும் கம்ப்யூட்டர் திரை செய்து கொடுப்போம். என் பெயர் பேச்சிராஜ். கடை என்னுடையது, மூளை அவளுடையது என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன். சொன்னால் பழியும் அவளுடையது என்று ஆகிவிடும், அது நியாயமில்லை.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஊரே வயலை மனையாக்கிக்கொண்டிருக்க, அவள் அப்பா மட்டும் பிடிவாதமாக நெல் நட்டுக்கொண்டிருக்கிறார். பிடிவாதம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். சென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, தண்ணீர் முடிக்கு ஆகவில்லை என்று ஒரு காரணம் சொல்லித் திரும்பி வந்தாள். பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ரகம். ஒருநாள் உரக்கடையிலிருந்து சாரைப்பாம்பு ஒன்று மாடிக்கு ஏறி வந்துவிட்டது. நான் மேஜை மேல் ஏறி நின்றேன். அவள் மாப்பை எடுத்து அதைப் படியில் தள்ளிவிட்டு, கை கழுவி வந்து விட்ட இடத்திலிருந்து டைப் அடித்தாள்.

அவளுடைய பெரிய பெருமை ஒரு டெம்ப்ளேட். பெயர், வயது, போன் நம்பர் என்று திரையில் தெரிகிற ஒவ்வொரு கட்டத்தையும் முன்பெல்லாம் நாங்கள் கையால்தான் எழுதுவோம். நோயாளிக்கு முப்பது விவரம் என்றால் முப்பது கட்டம். ஒரு விவரம் கூடினால் நாலு பக்கத்தில் போய்த் திருத்த வேண்டும். அபர்ணா இதைப் பொறுக்கவில்லை. நோயாளிக்கு என்னென்ன விவரம் உண்டு என்று ஒரே இடத்தில் பட்டியல் போட்டாள். சர்வரில் இருக்கிற டெம்ப்ளேட் அந்தப் பட்டியலைப் படிக்கும். எழுத்து என்றால் எழுதும் கட்டம், தேதி என்றால் காலண்டர், ஆம்-இல்லை என்றால் டிக் கட்டம் என்று அதுவே வரைந்துகொள்ளும். பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும், பதிவுத் திரை, டாக்டர் பார்க்கும் திரை, அச்சடிக்கும் சீட்டு மூன்றிலும் தானாக வந்து உட்காரும்.

“இட்லித் தட்டுல எத்தனை குழியோ அத்தனை இட்லி அண்ணே, அவ்வளவுதான்” என்று எனக்கு விளக்கினாள்.

அந்த டெம்ப்ளேட்டை வைத்துத்தான் டாக்டர் விஜயசங்கரின் கிளினிக்குக்குத் திரை செய்து கொடுத்தோம். அவர் இருபது வருடமாக அட்டையில் எழுதி வந்தவர். ஒருவருக்கு ஒரு மருந்து ஆகாது என்றால் அட்டையின் மூலையில் சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவார். அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது அந்தச் சிவப்புக் குறி எல்லாம் ‘குறிப்பு’ என்ற கட்டத்துக்குள் நீளமான வாக்கியங்களாகப் போய்ப் படுத்துக்கொண்டது. அருவி சீசன் கூட்டத்தில் அதை யார் வாசிப்பது? போன ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை டாக்டர் போன் செய்தார். “பென்சிலின் ஆகுமா ஆகாதான்னு ஒரு கட்டம் தனியா வையிங்க. பார்த்ததும் தெரியணும்.”

அன்று மாலையே அபர்ணா பட்டியலில் ஒரு வரி சேர்த்தாள். ‘பென்சிலின் ஒவ்வாமை’, வகை: ஆம்-இல்லை. மூன்று திரையிலும் கட்டம் வந்து நின்றது. நான் ஒரு புது நோயாளியைப் பதிந்து, டிக் அடித்துப் பார்த்தேன். ‘ஆம்’ என்று வந்தது. சரி என்றேன். என் சோதனை அவ்வளவுதான். பழைய ஆள் ஒருவரையாவது திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை என்பதை இப்போதும் நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை மதியம் ஒரு மணி இருக்கும். கிளினிக்கில் இருந்து ஜாய் சிஸ்டர் போன் செய்தார். பாராட்டத்தான் செய்தார். அபர்ணா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

“அபர்ணா, பெரிய வேலை பார்த்திருக்கீங்க. புது ஆளுங்களுக்கு நாங்க கேட்டுக் கேட்டு டிக் போடுதோம். பழைய ஆளுங்க நாலாயிரம் பேருக்கும் நீங்களே ‘இல்லை’ன்னு போட்டு வச்சிட்டீங்களே. அட்டை எல்லாத்தையும் எப்ப பார்த்தீங்க?”

அபர்ணா டப்பாவை மூடினாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். ரத்தம் வடிந்துபோய் வெளுத்திருந்தது.

எனக்குப் புரியச் சில நொடி ஆனது. அவள் சேர்த்த வரிக்கு இரண்டே விடைதான் தெரியும், ஆம் அல்லது இல்லை. ‘இன்னும் கேட்கவில்லை’ என்ற ஒன்று அதற்குத் தெரியாது. வெறுமனே விட்டால் அது ‘இல்லை’ ஆகிவிடும். அந்த வகைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் வெறுமையாகவும் இருக்கலாம் என்று அர்த்தம், டெம்ப்ளேட்டும் தானாகவே மூன்று விடை உள்ள கட்டத்தை வரைந்திருக்கும். போடவில்லை. குழியில் மாவே ஊற்றாமல் மூடி வைத்தும் நாலாயிரம் இட்லி வந்து நின்றது. டாக்டரின் திரையில், பெரிய எழுத்தில், ‘பென்சிலின் ஒவ்வாமை: இல்லை’.

“சிஸ்டர்,” அபர்ணாவின் குரல் அவளுடையது மாதிரியே இல்லை, “அது நாங்க போட்டது இல்ல. யாரும் போட்டது இல்ல. அதை நம்பாதீங்க. டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க, யாருக்கும் ஊசி போட வேண்டாம்னு சொல்லுங்க.”

வியாழன் மாலையிலிருந்து வந்துபோன பழைய நோயாளிகள் அறுபத்தொரு பேர். அவள் அவர்களுடைய குறிப்புகளைத் திரையில் வரிசையாக இறக்கினாள். முதல் முப்பது அவள், அடுத்த முப்பத்தொன்று நான். சர்க்கரை, மூட்டுவலி, மூலம் என்று ஒவ்வொருவர் உடம்பும் கண் முன்னால் ஓடியது. நாற்பத்தேழாவது ஆளிடம் என் விரல் நின்றது.

பாலம்மாள், வயது ஐம்பத்தாறு, குற்றாலம். ‘எட்டு வருடம் முன் ஊசி போட்டு மூச்சு முட்டியது. பென்சிலின் கூடாது.’ அன்று காலை பத்தரைக்கு வந்திருக்கிறார். காலில் சேற்றுப்புண். ஐந்து நாளைக்கு மாத்திரை, சாப்பிட்ட பிறகு. அது என்ன மாத்திரை என்று ஜாய் சிஸ்டர் போனில் வாசித்துவிட்டு, “ஆண்டவரே, அதே வகைதான்” என்றார்.

பாலம்மாள் அருவியில் பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் என்று சிஸ்டர் சொன்னார். அவர் நம்பருக்குப் போட்டோம், மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாரல் காலத்தில் அவர்கள் போனைப் பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார்கள். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. மூன்றாவது தடவை அடித்தபோது டாக்டரே மறு போனில் வந்தார். “நான் ஒவ்வாமைய முறிக்கிற ஊசியை எடுத்துக்கிட்டுக் கார்ல கிளம்புதேன். நீங்க பைக்ல முந்திப் போங்க. மாத்திரை போடலைன்னா பிடுங்கிருங்க. போட்டிருந்தா அவங்கள நான் வர்ற பக்கமா கூட்டிட்டு வாங்க.”

சீசன் சனிக்கிழமை. மேலகரத்திலிருந்தே வேனும் காரும் ஒட்டிக்கொண்டு நின்றன. நான் சாக்கடை ஓரமாக, கடை வாசலாக, வந்த இடமெல்லாம் பைக்கை நுழைத்தேன். பின்னால் அபர்ணா என் சட்டையைப் பிடித்திருந்தாள். “மணி ஒண்ணு இருபது, சாப்பிட்டிருக்க மாட்டாவ இல்லண்ணே? கூட்டமா இருந்தா லேட்டாத்தான சாப்பிடுவாவ?” வழியெல்லாம் இதையே கேட்டாள். நான் ‘ஆமா ஆமா’ என்றேன். எனக்கு என்ன தெரியும்?

அருவியில் பெண்கள் பக்கம் என்னைப் போலீஸ்காரம்மா நிறுத்திவிட்டார். அபர்ணா செருப்பை உதறிவிட்டு ஓடினாள். ஈரத் துணியும் எண்ணெய் மணமுமாகக் கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போனது, எல்லாரும் சிரித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சிரிப்பு அன்றைக்குக் காதில் நாராசமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அபர்ணா தலையிலிருந்து சொட்டச் சொட்டத் தனியாக வந்தாள்.

“அங்கன இல்லண்ணே. சாப்பிடப் போயிருக்காவளாம்.”

சாப்பிட என்ற சொல்லைக் கேட்டு அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி நடுங்கியதில்லை.

நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் பாலம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கழுவி வைத்த தூக்குவாளி. அதன் மூடி மேல் மாத்திரை அட்டை. அட்டையில் ஒரு குழி காலி.

“ஆச்சி, இந்த மாத்திரைய எப்ப போட்டீங்க?”

“இப்பதான் தாயி, காமணி இருக்கும்.” அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். “என்னன்னு தெரியல, ஒடம்பெல்லாம் அரிக்கி. நாக்கு தடிச்சாப்ல இருக்கு.”

உதடு ஒரு பக்கம் வீங்க ஆரம்பித்திருந்தது. நாங்கள் எதையும் விளக்கவில்லை. நான் பைக்கை எடுக்க, அபர்ணா அவரை நடுவில் ஏற்றி, பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். வந்த வழியே திரும்பினோம். பாதி வழியில் பாலம்மாளின் மூச்சு விசில் மாதிரி கேட்க ஆரம்பித்தது. என் காதுக்குப் பக்கத்தில்தான் அந்த மூச்சு. அது வருகிறதா, அடுத்தது வருகிறதா என்று எண்ணிக்கொண்டே ஓட்டினேன். அபர்ணா அழுதாள். “ஆச்சி, மூச்சு விடுங்க, விட்டுக்கிட்டே இருங்க” என்று கெஞ்சினாள்.

டாக்டரின் கார் ஒரு டூரிஸ்ட் பஸ்ஸுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. அவர் கதவைத் திறந்து சாரலில் இறங்கி ஓடி வந்தார். நடுரோட்டில், எல்லாரும் ஹாரன் அடிக்க, பாலம்மாளைக் காரின் பின் சீட்டில் சாய்த்துத் தொடையில் ஊசி போட்டார். அதன் பிறகு மூச்சு சீராக எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்குத் தெரியாது. அபர்ணா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

சாயங்காலம் கிளினிக் கட்டிலில் பாலம்மாள் கண்ணைத் திறந்து பேசினார். பக்கத்தில் நின்ற அபர்ணா, எல்லாம் தன் தப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவருக்கு அது விளங்கவில்லை.

“உன் மேல என்ன தப்பு பிள்ள? காலைலயே எனக்கு லேசா சந்தேகந்தான். முன்னாடி ஒரு ஊசி சேரலையேன்னு சொன்னேன். அந்தச் சிஸ்டரு கம்ப்யூட்டர் பெட்டியப் பார்த்துட்டு, ‘உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னுதான இருக்கு ஆச்சி’ன்னு சொன்னாவ. சரி, நாமதான் மறந்துட்டோம்னு விழுங்கிட்டேன்.”

ஜாய் சிஸ்டர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றே அபர்ணா நாலாயிரம் ‘இல்லை’யையும் அழித்தாள். கேள்விக்குறியைப் போட்டாள். இப்போது ஆள் வருகிற ஒவ்வொரு தடவையும் கட்டத்தில் ‘கேட்கவில்லை’ என்று சிவப்பில் நிற்கும். ஆளிடம் கேட்டு ஒரு விடையைத் தொடாமல் திரை அடுத்ததற்குப் போகாது. யார் வந்தாலும் புதிதாகக் கேட்க வேண்டும், குறிப்பில் இருந்தாலும் கேட்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு போட்டார். டெம்ப்ளேட் அதே டெம்ப்ளேட்தான். ஆனால் பட்டியலில் எந்த வரி சேர்த்தாலும் அபர்ணா இப்போது பழைய ஆள் பத்துப் பேரைத் திறந்து பார்க்கிறாள். பார்த்ததை மறுபடி பார்க்கிறாள். ஒரே வேலையை இரண்டு தடவை செய்யச் சொன்னால் கோபப்பட்ட பிள்ளை, இப்போது நாலு தடவை செய்கிறாள். காலையில் வந்ததும் திட்டுவதில்லை. ஜாய் சிஸ்டருக்குப் போன் செய்து, “எல்லாரும் நல்லா இருக்காவளா?” என்று கேட்ட பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறக்கிறாள். பாம்புக்குப் பயப்படாதவள் ஒரு டிக் கட்டத்துக்குப் பயப்படுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்துப் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குத் திரையைப் பழக்கிக் கொடுக்க அபர்ணா கிளினிக் மேஜையில் உட்கார்ந்திருந்தாள், நானும் கூடப் போயிருந்தேன். பாலம்மாள் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தார். எங்களைப் பார்த்ததும் முந்தானையிலிருந்து நாலு மங்குஸ்தான் பழத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அபர்ணா சிரித்தாள், அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். பாலம்மாளின் பக்கத்தைத் திறந்தாள். சிவப்பில் ‘கேட்கவில்லை’ என்று நின்றது.

“ஆச்சி, எல்லார்கிட்டயும் கேக்கணும்னு சட்டம், அதான் கேக்கேன். உங்களுக்குப் பென்சிலின் ஒத்துக்குமா?”

பாலம்மாள் எட்டித் திரையைப் பார்த்தார்.

“அதுல என்ன தாயி போட்டிருக்கு?”

அபர்ணாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. திரையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்கு ஒண்ணும் தெரியாது ஆச்சி. நீங்க சொல்லுங்க.”